திண்டிவனத்தில் மாறிப்போன கடைசி அடி

"விழுப்புரம், விழுப்புரம், ஜல்தி எறங்கு" என்று பஸ் கிளீனர் என் காலைத் தட்டினான். நம்பி இறங்கினேன். பஸ் போன பிறகு பார்த்தால் விழுப்புரத்தைக் காணோம். ஒரு மேம்பாலம், பூட்டிக் கிடந்த பஞ்சர் கடை, பனி, மூன்று நாய்கள். ஊர் எங்கோ தூரத்தில் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தது. நாங்கள் நின்றது பைபாஸ்.

டிக்கெட்டில் விழுப்புரம் என்றுதான் இருந்தது. நான் பெங்களூரில் இருபத்திரண்டு வருஷமாக டைல்ஸ் போடுகிறவன். பாத்ரூமுக்கு டைல்ஸ் என்று பேசிவிட்டு, வாசலில் நாலு கல்லைப் பதித்துவிட்டு நான் கிளம்பினால் வீட்டுக்காரர் விடுவாரா? இந்த பஸ்காரர்களை மட்டும் எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

என்னோடு இறங்கிய ஒரு பெண் விடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவராம். பஸ் நகர நகரக் கூடவே ஓடி, அதன் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே கத்தினார். "யோவ், இதுவாய்யா விழுப்புரம்? உங்க வூட்டுக்குப் போறப்பவும் நீ பைபாஸ்லதான் எறங்கிக்குவியா?" பஸ் நிற்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாள் சொல்லிவிட்டார். எனக்குச் சொல்ல வேண்டியது நினைவுக்கு வந்தபோது பஸ் ஒரு மைல் போயிருக்கும். எனக்கு எப்போதும் அப்படித்தான். கோபம் வரும், வாய் வராது. வாய் வரும்போது எதிரில் ஆள் இருக்க மாட்டார்.

அந்த அம்மாளே ஆட்டோ பிடித்தார், பேரம் பேசினார், என்னையும் ஏற்றிக்கொண்டார். ஆட்டோக்காரர் ஊர் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். "ராவெல்லாம் இங்கியே கொண்டாந்து கொட்டிக்கினு போறானுங்க. எங்களுக்கு சவாரிதான், இல்லைன்னு சொல்லல. ஆனா பேஜாரு புடிச்ச பொழப்புங்க. எறங்கற ஆளுங்க எல்லாம் என்னியத்தான் திட்டறாங்க."

நான் வந்தது என் அக்கா அஞ்சலைக்காக. பனமலைக்குப் பக்கத்தில் அவள் வீடு. அக்கா நடவு நடுகிறவள், களை எடுக்கிறவள். நான் ஐந்தாவது வரை படித்தேன். அவள் பள்ளிக்கூடத்து வாசலோடு சரி. ஆனால் பாட்டுக் கட்டுவாள். வயலில் குனிந்திருக்கும்போது கட்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. காணும் பொங்கலன்று பெண்கள் வீடு வீடாகப் போய்க் கும்மியடிக்கும்போது பாடுவது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு முழு லீவு. அந்த லீவைப் பற்றிய பாட்டு அது.

பத்து நாளைக்கு முன்பு போன் செய்தாள். "டேய் ஏழுமல, திண்டிவனத்துல ஒரு மண்டபத்துல என் பாட்டப் பாடறாங்களாம்டா. ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு தம்பி வந்து செல்லுல புடிச்சிக்கினு போச்சே, அது பேசுச்சு. காணும் பொங்கலுக்கு சாயந்தரம். என்னியக் கூப்டுக்கினு போடா."

"உங்க ஊர்ல யாரும் வர மாட்டாங்களாக்கா?"

"எவனும் வேணாம். நீ வா."

ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்பது ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

நான் விழுப்புரத்தில் வந்து இறங்கிய அன்று மாட்டுப் பொங்கல். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். பெங்களூரில் டீக் கிளாஸ் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். இங்கே நிறையக் கொடுத்தார்கள், ஆனால் சர்க்கரைப் பாகாக இருந்தது. சர்க்கரை கம்மி என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. குடித்துவிட்டு ஊர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மாடுகளுக்குக் கொம்பு சீவி வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பனமலை ஏரி நிறைந்து கிடந்தது. குன்றின் மேல் கோயில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா மொச்சைக் குழம்பும் சோறும் போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டு முனியம்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா தம்பி, பெங்களூர்லேர்ந்து அக்காவுக்கு பாடிகார்டா வந்துகினியா?"

"சும்மாதான் வந்தேங்க" என்றேன்.

"சும்மா எதுக்கு வருவ? இவ சினிமாவுக்குப் பாட்டுக் கட்டப் போறாளாமே. ஊரே பாடற பாட்டு. எங்கம்மா காலத்துலேர்ந்து பாடறோம். இப்ப இவ கட்டினதுன்னு சொல்லிக்கினு திரியறா."

அக்கா சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போனாள். "உங்கம்மா காலத்துல நீ எங்கடி இருந்த? அந்தப் பாட்டை மொதமொதல்ல நான் பாடறப்ப நீதாண்டி எனக்குப் பின்னாடி நாத்து முடி எடுத்துக் குடுத்துக்கினு இருந்த. கடைசி அடியில என் பேரு வருதா இல்லியா?"

"பேர யார் வேணா வச்சிக்கலாம்" என்று முனியம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அக்கா அடுப்பு முன்னால் வந்து உட்கார்ந்து கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு மண்டபத்துல நாலு பேரு கேக்க என் பேர சொல்லிட்டாங்கன்னா போதும்டா. வீடியோ எடுத்து செல்லுல போடுவாங்களாம். அதை இவ மூஞ்சிக்கு நேரா நீட்டுவேன். உள்ளூர் ஆளக் கூப்டுக்கினு போனா, நான் காசு குடுத்து சொல்ல வச்சேன்னு இவளே சொல்லுவா. அதான் உன்னியக் கூப்டேன்."

அந்தப் பாட்டில் பேர் வரும் இடம் இரண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கும்மி எந்த வீட்டு வாசலில் நடக்கிறதோ அந்த வீட்டுக்காரர் பேரைப் பாட்டில் வைப்பார்கள். ராமசாமி வீட்டு வாசலில் ராமசாமி, அடுத்த வீட்டில் கோவிந்தன். அது மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு அடி தனியாக உண்டு. அதற்குப் பிறகு வருவது கடைசி அடி. அதில் பாட்டுக் கட்டியவர் பேர் வரும். அது எந்த வாசலிலும் மாறாது. எங்கள் பக்கத்தில் கும்மி பாடும் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

மறுநாள் காணும் பொங்கல். அக்கா புதுப் புடவை கட்டினாள், சிவப்பு. பாட்டில் சிவந்த சேலை என்று வருகிறது, அதனால் சிவப்பு எடுத்தாளாம். வேக வைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள். மத்தியானச் சோறு சாப்பிட்ட கையோடு கிளம்பினோம்.

விழுப்புரத்தில் மறுபடியும் பஸ் தகராறு. லீவு முடிந்து சென்னைக்குத் திரும்புகிற கூட்டம். திண்டிவனம் வழியாகத்தான் எல்லா பஸ்ஸும் போகிறது. ஆனால் திண்டிவனம் என்றால் ஏற்ற மாட்டார்கள்.

"மெட்ராஸ் டிக்கெட் மட்டும் ஏறு. நடுவுல எறங்கறவங்க ஏறாத."

"நின்னுக்கினே வர்றோம் தம்பி" என்றாள் அக்கா.

"நின்னாலும் ஆகாதும்மா. எறங்கு, எறங்கு."

ஒன்றில்லை, மூன்று பஸ்ஸில் படியில் கால் வைத்து இறங்கினோம். மூன்றாவது பஸ்ஸில் அக்காவின் புடவை முந்தானை கதவில் மாட்டி, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தது. புதுப் புடவை. கண்டக்டர் முகத்தைக் கூடத் திருப்பவில்லை.  பத்து வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. அக்கா கிழிந்த ஓரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "தெரியல இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசியில் ஒரு சாதாரண பஸ் கிடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு போனோம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர் சென்னையில் செக்யூரிட்டி வேலையாம், ஒரு கட்டுக் கரும்பைத் தோளில் வைத்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் கரும்பு என் காதில் இடித்தது. அக்காதான் பேசினாள். "யோவ், கரும்ப எறக்கு. என் தம்பி காது, என் பாட்டக் கேக்கறதுக்காக நான் கூப்டாந்த காது." பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துக் கரும்பைக் கீழே இறக்கினார். ஒரு பெண் எழுந்து அக்காவுக்கு இடம் விட்டாள். மல்லாட்டையைப் பிரித்து அந்தப் பெண்ணுக்கும், கரும்புக்காரருக்கும் கொடுத்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தாள் அக்கா.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்கு அடியில் இறங்கினோம். மண்டபத்துக்கு வழி கேட்டு நடந்தோம். வாசலில் பெரிய பேனர். 'அகூஸ்டிக் பொங்கல் இரவு' என்று போட்டிருந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்படின்னா இன்னாடா?"

எனக்கும் தெரியவில்லை. வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டோம். "மைக்கு, கரண்டு வாத்தியம் எதுவும் இல்லாம அப்படியே பாடறதும்மா."

"நாங்க எந்தக் காலத்துல கரண்டு வச்சிக்கினு பாடினோம்? வயல்ல எங்க பிளக் இருக்குது?" என்றாள் அக்கா. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாட்டுக்குக் கரண்ட் வேண்டாம் என்றவர்கள் சீரியல் லைட்டுக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். அது ஜன்னலுக்கு வெளியே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வாசித்த புல்லாங்குழல்காரரின் வாசிப்பில் பாதி அதில் போயிற்று. பெங்களூரில் நான் வேலை பார்த்த வீடு ஒன்றில் அமைதியாக இருக்க வேண்டும் என்று ஒரு அறை கட்டினார்கள். ஆனால் ஏசி மிஷினை அந்த அறைச் சுவரில்தான் மாட்டினார்கள். படித்தவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். கடைசியில் பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்துபோய் ஜெனரேட்டரை நிறுத்தினார். அரை மண்டபம் இருட்டாயிற்று. ஆனால் காது கேட்டது.

நான் எல்லாவற்றையும் திட்டுவதாக நினைக்க வேண்டாம். பாடியவர்கள் நன்றாகவே பாடினார்கள். எல்லாரும் இந்தப் பக்கத்து ஆட்கள். ஆர்மோனியக்காரர் கிளியனூர்ப் பக்கம். டோலக் அடித்தவர் கல்யாண பேண்டில் வாசிக்கிறவர், பேர் பாபு. மரக்காணம் கடற்கரையிலிருந்து ஒரு மீனவர் வந்திருந்தார். காணும் பொங்கலுக்கு அவர்கள் கடலுக்குப் போவதில்லையாம். படகு கரையில் படுத்துத் தூங்குவது போல ஒரு பாட்டு. ஒரு காலி எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டே பாடினார். பாடி முடித்ததும் அவர் பேரையும் ஊரையும் இரண்டு தடவை சொல்லிக் கைதட்டினார்கள். அவர் இறங்கி வந்து என் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவங்க பேரையும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று அவரிடம் அக்காவைக் காட்டினேன். தெரியாத ஆளிடம் நானாகப் பேசுவது அபூர்வம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

நிகழ்ச்சியை நடத்தியவர் குமரவேல். ஜிப்பா போட்ட முப்பத்தைந்து வயதுக்காரர். அக்காவிடம் வந்து செல்லில் பாட்டைப் பிடித்துப் போனவர் இவர்தான். அக்காவைப் பார்த்து வணக்கம் சொன்னார், நாலாவது வரிசையில் உட்கார வைத்தார், காகிதக் கப்பில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். ஒரு வாய்க்குக் காணாத பொங்கல், அதற்கு ஒரு மரக் குச்சி. அக்கா விரலாலேயே எடுத்துச் சாப்பிட்டாள்.

பிறகு மூன்று பெண்கள் கும்மிக்கு வந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. அக்காவின் கை என் முழங்கையில் வந்து உட்கார்ந்தது. நாத்துக்கட்டை இறக்கி வைப்பது, சேற்றுக் காலைக் கழுவுவது, கூலிக்குக் கூப்பிட வராதே என்று சொல்வது எல்லாம் வரிசையாக வந்தன. அக்காவின் உதடும் கூடவே அசைந்தது. வீட்டுக்காரர் பேர் வரும் அடி வர வேண்டிய இடத்தில் வரவில்லை. விட்டுவிட்டார்கள். மண்டபம்தானே, வீடு இல்லை, பரவாயில்லை என்று நினைத்தேன். கடைசி அடி வந்தது.

"பாட்டுக் கட்டினது யாருன்னா" என்று பாடி, இரண்டு முறை கை தட்டி,

"ரைஸ்மில் தணிகாசலம் ஐயா தானடி" என்று முடித்தார்கள்.

டைல்ஸ் பதித்து முடித்ததும் நான் ரப்பர் சுத்தியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்ப்பேன். அடியில் கலவை நிறைந்திருந்தால் ஓசை அடங்கி வரும். வெற்றிடம் இருந்தால் டொக்கென்று கேட்கும். எவ்வளவு பளபளப்பான கல்லாக இருந்தாலும் அந்த ஓசை காட்டிக்கொடுத்துவிடும். அன்று அந்த அடி டொக்கென்று கேட்டது. எனக்கு மட்டுமில்லை. பேர் நீளம் என்பதால் தாளத்துக்குள் அடங்கவில்லை. டோலக் பாபு முடிக்கப் போய், முடிக்காமல், இரண்டு தட்டுக் கூட்டித் தட்டி எப்படியோ ஒப்பேற்றினார்.

முன் வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார். தன் பேர் காதில் விழுந்ததும் எழுந்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். கைதட்டல். அவர்தான் தணிகாசலம். மண்டபம் அவருடையது.

என் முழங்கையிலிருந்து அக்காவின் கை போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். கிழிந்த முந்தானையை எடுத்து மடியில் வைத்து, அந்த ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சரியாக் கேட்டியாடா?" என்றாள்.

"கேட்டேன்க்கா."

"அப்ப சரி. எனக்குத்தான் காது மாறிப்போச்சோன்னு பார்த்தேன்."

இடைவேளையில் எழுந்து குமரவேலிடம் போனேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சார், அந்தக் கடைசி அடி..."

"எப்படிண்ணே? சூப்பர் இல்ல?"

"அதுல எங்க அக்கா பேரு வரணுங்க."

"வீட்டுக்காரர் பேர வைக்கறதுதான் வழக்கம்னு அக்காவேதான அன்னிக்கு சொன்னாங்க? ஐயா மண்டபம் குடுத்திருக்காரு. அவரு பேர வைக்கணும் இல்லீங்களா?"

"அதுக்கு வேற அடிங்க. முந்தின அடி. வாசல் தெளிச்சுன்னு வரும்."

"வாசல் தெளிச்சுன்னா மண்டபத்துக்கு ஒத்து வரலண்ணே. அதான் தூக்கிட்டோம். பேரு வர்ற எடம் இது ஒண்ணுதான் மிச்சம். அதுல வச்சிட்டோம்."

"பாட்டுக் கட்டினது யாருன்னு கேட்டுட்டு..."

"கேக்கறவங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்கண்ணே. ஃப்ரீயா விடுங்க. பொங்கல் சாப்டீங்களா?"

நான் சொன்னது ஒரே வார்த்தை. "சரிங்க." அதைச் சொன்னதற்காக என் வாயை நானே அறைந்திருக்க வேண்டும். சரியில்லாத ஒன்றை ஐம்பது வயது ஆள் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். கால் நாற்காலியில் இடித்தது. பைபாஸில் இறக்கிவிட்டவன், முந்தானையைக் கிழித்தவன், இவர், எல்லாரும் என் இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் பிழைக்கிறார்கள் என்று தோன்றியது.

மீனவர் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். "இன்னாய்யா சொன்னான்?" என்றார். சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன்."

"அட போய்யா. இங்க மைக்கு இல்ல. அவனுக்கும் தொண்டைதான், உனக்கும் தொண்டைதான். நடுக்கடல்ல பக்கத்து போட்ல கீறவன நாங்க எப்படிக் கூப்புடறோம்னு நெனைக்கிற? செல்லுலயா?"

அக்கா குறுக்கே விழுந்தாள். "வுடுங்கண்ணே. அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல ஆஜர் சொல்லக்கூட வாய் வராம ஆப்சென்ட் வாங்கிக்கினு வந்தவன்."

அவள் சொன்னது உண்மை. சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் பாதி முழுவதும் நான் எதையும் கேட்கவில்லை. கிடாரும் வந்தது, வேறு என்னென்னவோ வந்தது. முடிவில் எல்லாப் பாடகர்களும் சேர்ந்து மேடையில் நின்றார்கள். கூட்டத்திலிருந்து "கும்மிப் பாட்டு, கும்மிப் பாட்டு" என்று கத்தினார்கள். அக்காவின் பாட்டைத்தான் மறுபடி கேட்டார்கள். அவ்வளவு பாட்டில் அதைத்தான் கேட்டார்கள் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மறுபடி நாத்துக்கட்டு, சேற்றுக் கால், சிவந்த சேலை. கூட்டமே சேர்ந்து கை தட்டியது.  கடைசி அடி வந்தது.

"பாட்டுக் கட்டினது யாருன்னா..."

அந்த இடத்தில் இரண்டு கைதட்டலுக்கு இடைவெளி உண்டு. எல்லாரும் தட்டினார்கள். ஒன்று. இரண்டு. நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"பனமலை அஞ்சலை" என்றேன்.

ராகம் இல்லை. வாசற்படியில் நின்று யாரையோ கூப்பிடுகிற மாதிரி வந்தது குரல். உடைந்தும் போயிற்று. மேடையில் மூன்று பெண்களும் தணிகாசலத்துக்காகத் திறந்த வாயோடு நின்றார்கள். ஆனால் பாபுவின் கை நிற்கவில்லை. இந்தப் பேர் தாளத்துக்குள் சரியாக உட்கார்ந்தது. கை தானாக முடிப்பை அடித்துவிட்டது. தாம், தாம், தத்தாம். பாட்டு முடிந்துவிட்டது. அதற்கு மேல் யாரும் எதையும் சேர்க்க முடியாது.

 மீனவர் டின்னை ஒரு தட்டுத் தட்டினார்.

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். "யாருப்பா அஞ்சலை?"

அக்கா எழுந்தாள். "நான்தாங்க."

"நீங்க கட்டின பாட்டாம்மா இது?"

"ஆமாங்க."

"அப்ப எம்பேர எதுக்குச் சொன்னாங்க? நான் எப்பய்யா பாட்டுக் கட்டினேன்? நெல்லுதான் அரைக்கறேன்." அவர் குமரவேலைப் பார்த்தார். குமரவேல் ஆர்மோனியத்தைப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். அக்காவுக்குக் கும்பிடத் தெரியவில்லை. முந்தானையின் கிழிந்த ஓரத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தது.  அக்கா மிச்சமிருந்த மல்லாட்டையை உரித்து என் கையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "கொஞ்சம் ராகம் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதாடா? ஆடு தொலைஞ்சவன் மாதிரி கத்தற."

"வரலக்கா."

"பரவால்ல. வீடியோவுல நல்லாத்தான் இருக்கும்."

மறுநாள் காலையில் நான் பெங்களூருக்குக் கிளம்பத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முனியம்மா செல்லை நீட்டிக்கொண்டே வந்தாள். "வந்துடுச்சு அஞ்சல, உன் மண்டபத்துப் பாட்டு."

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பாட்டு ஓடியது. சிவந்த சேலை வந்தது. பாட்டுக் கட்டினது யாருன்னா வந்தது. ரைஸ்மில் தணிகாசலம் ஐயா தானடி என்று முடிந்தது. போட்டிருந்தது முதல் தடவை பாடியதை.

"உன் பேரு எங்கடி?" என்றாள் முனியம்மா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். அக்கா எழுந்து உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவி வைத்திருந்த பாத்திரங்கள்தான்.

குமரவேலுக்கு நானே போன் போட்டேன். "சார், ரெண்டாந்தடவை பாடினதைப் போடலீங்களா?"

"அதுல நடுவுல ஒரு சத்தம் வந்துடுச்சுண்ணே. ரெக்கார்டிங் கெட்டுப் போச்சு. அதான் மொதல் தடவையே போட்டுட்டோம். ஐயா பேரும் இருக்கு, நீட்டா இருக்கு. வேற ஒண்ணும் இல்லியே? வச்சிடறேண்ணே."

அது சத்தம் இல்லை, பேர் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

நான் மறுபடி கூப்பிடவில்லை. உள்ளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அளவு குறிக்கிற என் சின்ன நோட்டை எடுத்தேன். எந்த வீட்டில் எத்தனை அடிக்கு எத்தனை என்று எழுதி வைத்திருக்கிற நோட்டு. அதில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, "சொல்லுக்கா, ஒவ்வொரு அடியா" என்றேன்.

"எதுக்குடா?"

"எழுதறதுக்கு."

"உனக்கு எழுத வருமா?"

"மெதுவா சொன்னா வரும்."

கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். எழுத்துப் பிழை இருக்கலாம், அடி பிசகவில்லை. முனியம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் அக்கா தடுமாறியபோது அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். நோட்டில் எழுதியதை அப்படியே இங்கே இறக்கி வைக்கிறேன். இது கும்மிப் பாட்டு. எந்த வீட்டு வாசலில் பாடினாலும் கோடு போட்ட இடத்தில் அந்த வீட்டுக்காரர் பேரை வைத்துக்கொள்ளலாம், ரைஸ்மில்காரர் பேரையும் வைக்கலாம். கடைசி அடியில் யாரும் கை வைக்கக் கூடாது.

நாத்துக் கட்டை இறக்கி வச்சோம் – இன்னிக்கு
நாலு தெருவும் சுத்தி வந்தோம்
சேத்துக் காலைக் கழுவிக்கினோம் – சிவந்த
சேலை எடுத்து உடுத்திக்கினோம்

கூலிக்குக் கூப்பிட வாராதீங்க – எங்க
கொலுசுச் சத்தத்த மறைக்காதீங்க
நாளைக்கு வாங்க நட்டுத் தாரோம் – இந்த
நாளு ஒருநாளு எங்க நாளு

வாசல் தெளிச்சு வரவேத்த – எங்க
———— வூடு வாழ்கவடி

பாட்டுக் கட்டினது யாருன்னா –
பனமலை அஞ்சலை தானடி.